முப்பது நொடி

2023 அக்டோபர் 7, சனிக்கிழமை காலை. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் கபடி இறுதியாட்டம், இந்தியாவுக்கும் சீனத் தைபேக்கும். நான் அன்று புதூர்நாட்டில் ஒரு தோழியின் வீட்டில் இருந்தேன். தோழியின் மகளும் அவளுடன் படிக்கும் இரண்டு பெண்களும் பள்ளி அணியில் ஆடுபவர்கள். வீட்டுக்குப் பின்னால் பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். செல்போன் அண்ணனுடையது. அவன் சந்தைக்குக் கிளம்பும்வரைதான் இவர்கள் கையில் இருக்கும்.

படம் ஓடும், நிற்கும், வட்டம் சுற்றும், மறுபடி ஓடும். ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில், திரையில் இன்னும் ஒருத்தி பாடிப் போய்க்கொண்டிருக்கும்போதே, அதே போன் அடித்தது. திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் சித்தி மகள். "ஜெயிச்சிட்டோம்டீ!" என்றாள். மூவரும் குதித்தார்கள். அழைப்பு முடிந்து படம் திரும்பியபோது திரையில் ஆட்டம் முடிந்திருக்கவில்லை. அதன் பிறகும் அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார்கள். 26-25. ஒரே ஒரு புள்ளி.

அந்தத் தங்கம் ஹாங்சோவில் இந்தியாவின் நூறாவது பதக்கம். ஆசியப் போட்டிகளில் இந்தியா நூறைத் தொட்டது அதுவே முதல்முறை. அன்றே பிற்பகல் ஆண்கள் இறுதியாட்டத்தில் ஈரானோடு தகராறு வந்து ஆட்டம் நெடுநேரம் நின்றது. கடைசியில் 33-29 என இந்தியா வென்றது. மாலைக்குள் என் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த கபடித் துணுக்குகள் எல்லாமே ஆண்கள் ஆட்டத்தின் தகராறுதான். காலையில் நடந்ததை யாரும் அனுப்பவில்லை.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் காலைப்பொழுதும், அதற்குச் சில மாதங்கள் கழித்து என்னிடம் வந்த ஒரு கேள்வியும். ஊர்க் கபடிப் போட்டிகளை நேரலையாகக் காட்ட ஒரு செயலி செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர், "பெண்கள் ஆட்டத்துக்கும் ஒரு பகுதி வைக்கலாம் என்று இருக்கிறோம், என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நல்ல மனிதர், நல்ல எண்ணம். ஆனால் அவர் திட்ட வரைவில் பெண்கள் பகுதி கடைசிப் பக்கத்தில், "பின்னர்" என்ற தலைப்பின் கீழ் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "பார்வையாளர்கள் வரட்டும், பிறகு சேர்ப்போம்" என்றார்.

இந்த "பிறகு" என்ற சொல்லைத்தான் விமர்சிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

இணைய ஒளிபரப்பு பற்றி நாம் நம்பும் கதை எளிமையானது. தொலைக்காட்சியில் நேரம் குறைவு, அதனால் கிரிக்கெட்டுக்கே இடம். இணையத்தில் நேரத்துக்குப் பஞ்சமில்லை, எனவே சின்ன விளையாட்டுக்கும் இடம் கிடைக்கும், பெண்களுக்கும் கிடைக்கும். இதில் பாதி உண்மை. தமிழ்நாட்டின் ஊர்க் கபடிப் போட்டிகளை இரவு முழுக்க நேரலையில் காட்டும் யூடியூப் சேனல்கள் பல இருக்கின்றன. பெரிய நிறுவனம் எதுவும் செய்யாததை மின்விளக்குக் கம்பத்தில் கேமரா கட்டி அவர்கள் செய்தார்கள். ஆனால் அவற்றைத் திறந்து பாருங்கள். காட்டப்படுவது பெரும்பாலும் ஆண்கள் ஆட்டம். அங்கே நேரத்துக்கு எந்தத் தட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் வரிசை மாறவில்லை.

பார்வையாளர் இல்லாததால் ஒளிபரப்பு இல்லை என்கிறார்கள். ஒளிபரப்பு இல்லாததால்தான் பார்வையாளர் இல்லை என்பதற்கு வரலாறே சாட்சி. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க் மைதானத்தில் டிக், கெர் பெண்கள் கால்பந்து அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். ஓராண்டுகூட முடியவில்லை. 1921 டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று சொல்லி, தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. தடை நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஐம்பது ஆண்டு மைதானத்தைப் பூட்டி வைத்துவிட்டு, திறந்த பிறகு "கூட்டம் வரவில்லையே" என்று கேட்டார்கள்.

அதே சங்கம் 2019-ல் பெண்கள் லீக் ஆட்டங்களை இலவசமாக இணையத்தில் காட்ட ஒரு தளத்தைத் தொடங்கியது. 2021-ல் டாஸ்ன் நிறுவனம் ஐரோப்பியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கின் உரிமையை வாங்கி, முதல் இரண்டு பருவங்களை யூடியூபில் இலவசமாகத் திறந்துவிட்டது. 2022 மார்ச்சிலும் ஏப்ரலிலும் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் இரண்டு முறை 91,000 பேருக்கு மேல் கூடினார்கள். எல்லாம் ஒளிபரப்பால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அந்தக் கழகம் பெண்கள் அணியில் பல ஆண்டுகள் பணம் போட்டிருந்தது. ஆனால் பார்க்க ஆளில்லை என்ற பேச்சு அதோடு செல்லாக்காசு ஆனது.

நம் ஊருக்கு வருவோம். புரோ கபடி லீக் 2014 ஜூலை 26-ல் தொடங்கியது. மண் தரையில் ஆடிய சடுகுடுவை மெத்தைக்கும் விளக்குக்கும் கொண்டுவந்து, இரவு எட்டு மணிக்கு நாட்டின் வரவேற்பறையில் உட்கார வைத்தது. 2016-ல் அதன் நான்காவது பருவத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்தினார்கள். ஃபயர் பேர்ட்ஸ், ஐஸ் டிவாஸ், ஸ்டார்ம் குவீன்ஸ் என மூன்றே அணிகள். இறுதியாட்டம் ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடிந்தது. ஸ்டார்ம் குவீன்ஸ் வென்றது. அடுத்த ஆண்டு அது நடக்கவில்லை. ஆனால் அதே 2017-ல் ஆண்கள் லீக் எட்டு அணிகளிலிருந்து பன்னிரண்டாக வளர்ந்தது. தமிழ் தலைவாஸ் வந்தது அப்போதுதான்.

ஆண்கள் ஆட்டம் எட்டிலிருந்து பன்னிரண்டாக வளர அவகாசம் கிடைத்தது. பெண்களுக்கு ஒரே ஒரு பருவம் தேர்வு வைத்தார்கள். 2022-ல் தொடங்கிய அல்டிமேட் கோ கோ லீக்கிலும் ஆறு அணிகள், ஆறும் ஆண்கள். 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ கோ உலகக் கோப்பை நடந்தபோது இந்தியப் பெண்கள் நேபாளத்தை 78-40 என வென்றார்கள். லீக் பார்த்திராத பெண்கள் அவர்கள். பெண்கள் கபடி உலகக் கோப்பையின் கதையும் இதுதான். முதலாவது 2012-ல் பாட்னாவில் நடந்தது. இரண்டாவதுக்குப் பதின்மூன்று ஆண்டு காத்திருந்து, 2025 நவம்பரில் டாக்காவில் ஆடினார்கள். இரண்டையும் இந்தியா வென்றது. பதின்மூன்று ஆண்டு என்பது ஒரு வீராங்கனையின் முழு ஆட்ட வாழ்க்கை. இடைவெளியில் ஆடி முடித்து, திருமணமாகி, முழங்கால் வலியோடு வீட்டில் உட்கார்ந்தவர்களை எந்தத் தளத்தின் ஆவணக் காப்பகத்தில் தேடுவது?

*

அடுத்து கேமரா. ஒளிபரப்பு என்றால் கேமராவை எங்கே வைப்பது என்ற முடிவும்தான்.

தமிழ் சினிமா பெண்கள் விளையாட்டைக் காட்டிய விதத்தை நினைத்துப் பாருங்கள். 'கனா' (2018) கிரிக்கெட், 'பிகில்' (2019) கால்பந்து, 'கென்னடி கிளப்' (2019) கபடி. ஆட்டம் மூன்றும் வேறு. கதை சொல்லும் கண் ஒன்றே: மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் ஆண். பயிற்சியாளர் அல்லது அப்பா அல்லது இருவரும். பெண் புள்ளி எடுத்த அடுத்த நொடி கேமரா அவர் முகத்துக்குப் போகிறது. அவர் கண் கலங்கினால்தான் அந்தப் புள்ளிக்கு மதிப்பு. இந்தியில் 'சக் தே இந்தியா' (2007) போட்ட பாதை இது. படங்களை நான் ரசித்துத்தான் பார்த்தேன். 'கனா'வில் அந்தப் பெண்ணின் வெறி என்னைத் தொட்டது. ஆனால் மூன்று படமும் பார்த்து முடித்த பிறகும், ஒரு பெண் கார்னர் எப்படி எதிராளியின் கணுக்காலுக்காகக் காத்திருக்கிறாள், எந்த நொடியில் பாய்வது என்று எப்படி முடிவெடுக்கிறாள் என்பதை எனக்கு யாரும் காட்டவில்லை.

அதனால்தான் ஊர்ச் சேனல்களின் ஒற்றைக் கேமரா நேரலை மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. கம்பத்தின் உச்சியில் அசையாமல் நிற்கும் ஒரு கேமரா. முழு ஆடுகளமும் தெரியும், ஏழு பேரும் தெரிவார்கள், போனஸ் கோடு தெரியும். நெருங்கிப் போகாது, மெதுவாக்கிக் காட்டாது, பின்னணி இசை இல்லை, ஓரத்து ஆணின் கண்ணீர் இல்லை. பணமில்லாததால் வந்த அழகியல்தான். ஆனாலும் பெண்கள் ஆட்டத்தை ஆட்டமாகவே பார்க்க இதைவிட நேர்மையான கோணத்தை நான் பார்த்ததில்லை. "வருமானம் வந்ததும் நாலு கேமரா, க்ளோஸ்-அப் எல்லாம் வைப்போம்" என்று அந்த இளைஞர் சொன்னபோது எனக்கு உடனே மகிழ்ச்சி வராததற்குக் காரணம் இதுதான்.

க்ளோஸ்-அப் யாருடைய எதை நெருங்குகிறது என்பது கற்பனைப் பயம் அல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது ஒலிம்பிக் ஒளிபரப்பு அமைப்பின் தலைவர் யியானிஸ் எக்ஸார்கோஸ், சில ஒளிப்பதிவாளர்கள் பெண்களை ஆண்களைப் போல அல்லாமல் வேறுவிதமாகச் சட்டமிடுகிறார்கள் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, வழிகாட்டுதல்களைத் திருத்தினார். 2021-ல் நார்வே கடற்கரை ஹேண்ட்பால் அணிப் பெண்கள் பிகினிக்குப் பதிலாக அரைக்கால் சட்டை அணிந்ததற்கு 1,500 யூரோ அபராதம் கட்ட வேண்டியிருந்தது. அங்கே உடையை மறைக்காதே என்று அபராதம். நம் ஊரில் அதே அரைக்கால் சட்டைக்காக, "காலைக் காட்டிக்கிட்டு ஆடறா" என்று ஆட்டத்தையே நிறுத்துவார்கள். இரண்டு இடத்திலும் பெண்ணின் கால் அவள் ஓடுவதற்கானதாக இல்லை.

*

மலைப் பெண்களுக்குக் காட்சிப்படுவது என்றால் என்ன என்பதை நான் அவர்களிடமே கேட்டேன். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் திரையில் வராதவர்கள் அல்ல. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றபோது, இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அப்போது எல்லாக் கேமராவும் மலையேறி வந்தது. அழுகிற பெண்களின் முகம் நாடெங்கும் ஓடியது. அந்தப் பெண்களிடம் யாரும் அனுமதி கேட்டதாக இவர்களின் அம்மாக்களுக்கு நினைவில்லை. இதே மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களைப் பார்க்கிறது. மலையிலிருந்து வெகு தூரத்தைப் பார்க்க ஏற்பாடு உண்டு. மலையைப் பார்க்க வருகிறவர்கள் சாவுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வருகிறார்கள்.

"உங்க ஆட்டத்தை நேரலையில் போட்டா?" என்று கேட்டதும் தோழியின் மகள் முதலில் சிரித்தாள். பிறகு யோசித்தாள். "கோச்சுங்க பாத்தா நல்லதுக்கா. ஆனா மாமா பாத்தா நிறுத்திடுவாரு" என்றாள். இன்னொருத்தி, "பாக்கறவங்க கீழ என்னென்னமோ எழுதுறாங்களே, அதை நிறுத்த முடியுமா?" என்று கேட்டாள். மூன்றாமவள் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

இந்த மூன்று பதிலும் சேர்ந்ததுதான் ஒரு தளத்தின் வடிவமைப்பு ஆவணமாக இருக்க வேண்டும். காட்சிப்படுதல் விடுதலை என்று நாமும் மேடையில் சொல்லியிருக்கிறோம். அது சிலருக்குப் பேரம் பேசும் வலிமை தரும். கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்று திரும்பியபோது அந்தக் குடியிருப்பே தலைநிமிர்ந்தது. அரசு 25 லட்சம் தந்தது. ஆனால் வென்ற பிறகுதான் எல்லோரும் பார்த்தார்கள். வெல்லும் முன், மாவட்ட அளவில் தோற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் ஒரு பெண் பார்க்கப்படும்போது அவளுக்குக் காவல் எதுவும் இல்லை. நேரலையின் கீழே ஓடும் கருத்துகள், யாரோ வெட்டி எடுத்துப் பாட்டுப் போட்டுப் பரப்பும் பத்து நொடித் துணுக்கு, இரண்டும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சரிதான். ஆனால் பெற்றோர் ஒப்பினால் அந்தப் பெண் ஒப்பியதாகிவிடுமா? இந்த இடத்தில் சட்டம் பெண்ணை மாமாவிடமே திருப்பி அனுப்புகிறது.

*

இன்னொரு கேள்வியையும் யாரும் கேட்பதில்லை: ஏன் நேரலையாகவே இருக்க வேண்டும்?

இணையத்தில் காணொளி குழாய்த் தண்ணீர் போல ஓடிவருவதில்லை. சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரத்தில் தயாராகி, கிடைக்கும் வேகத்துக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகிறது. போன் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் காட்டத் தொடங்கும். எனவே நேரலை என்று நாம் பார்ப்பது பலமுறை அரை நிமிடம் பழையது. கபடியில் ஒரு ரெய்டுக்கு விதி தரும் நேரம் முப்பது நொடி. அதாவது பாடிப் போனவள் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் நாம் அவள் கோட்டைத் தாண்டுவதைப் பார்க்கிறோம். பாறை மேல் அன்று எங்களுக்கு நடந்தது அதுதான், இன்னும் கொஞ்சம் நீளமாக. தெரிந்த முடிவை அந்த மூன்று பெண்கள் மூச்சைப் பிடித்துப் பார்த்தார்கள் என்றால், அவர்களுக்குத் தேவைப்பட்டது நேரலை அல்ல. ஆட்டம்.

நேரலை யாருக்கு அவசியம்? விளம்பரத்துக்கும் பந்தயத்துக்கும். இந்தியாவில் சின்னச் சின்ன லீக்குகளை இணையத்துக்குக் கொண்டுவந்த ஃபேன்கோடு 2019-ல் தொடங்கியது. அதன் தாய் நிறுவனமான டிரீம் ஸ்போர்ட்ஸுக்குப் பெரும் வருமானம் தந்தது டிரீம் 11, பணம் கட்டிக் கற்பனை அணி அமைக்கும் விளையாட்டு. ஆட்டம் நடக்கும்போதே பார்க்க வேண்டிய அவசரத்தை உருவாக்குவது இத்தகைய பணம்தான். 2025 ஆகஸ்டில் இணைய விளையாட்டுச் சட்டம் வந்து பணம் கட்டி ஆடுவதைத் தடை செய்ததும் டிரீம் 11 அந்தப் போட்டிகளை நிறுத்தியது. சின்ன விளையாட்டின் ஒளிபரப்பு இனி எந்தப் பணத்தில் நடக்கும் என்ற கேள்வி இப்போது எல்லோர் முன்னும் இருக்கிறது. பந்தயத்தின் வேகத்தை விட்டுவிட்டு யோசிக்க இது நல்ல நேரம்.

மலையிலிருந்து யோசித்தால் கணக்கு வேறாக வரும். ஓரளவு தெளிவான படத்தை நேரலையாக ஏற்ற, நொடிக்கு மூன்று மெகாபிட் வேகம் அறுபடாமல் மேலே போக வேண்டும். ஒரு மணி நேரம் பார்ப்பவருக்கு ஏறத்தாழ ஒன்றேகால் ஜிபி செலவாகும். அண்ணனின் ஒரு நாள் டேட்டா அதோடு தீர்ந்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் மூன்றில் ஒரு பங்கு. ஆண்களில் 57 விழுக்காடு. பெண்கள் ஆட்டத்தைப் பெண்கள் பார்க்க வேண்டும் என்றால் தளம் இந்த இடைவெளியின் மேல்தான் கட்டப்பட வேண்டும். பதிவு செய்து, இரவில் மெதுவாக ஏற்றி, குறைந்த தரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். பள்ளியிலோ ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு திரையில் கூட்டமாக உட்கார்ந்து பார்க்கலாம். வர்ணனையை மட்டும் குரலாக அனுப்பலாம். அதை மலைப் பேச்சில், ஆடத் தெரிந்த ஒரு பெண் சொல்லலாம். ஒரு ஆட்டக்காரி தன் ரெய்டுகளை மட்டும் தொகுத்துத் தேர்வாளருக்கு அனுப்பும் வசதியும், வேண்டாம் என்றால் தன் பதிவை எடுத்துவிடும் உரிமையும் அவள் கையிலேயே இருக்கலாம். கருத்துப் பெட்டியைத் திறக்காமலே விடலாம். இவற்றில் எதற்கும் பெரிய முதலீடு வேண்டாம். முதல் பக்கத்தில் யாரை வைத்து எழுதத் தொடங்குகிறோம் என்பதுதான் வேண்டும்.

இதை வறுமைக்கான ஏற்பாடாகப் படிக்க வேண்டாம். 951 கோடி ரூபாய்க்கு ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை விற்ற பெண்கள் கிரிக்கெட் லீக் இருக்கிற நாடு இது. கபடிப் பெண்களுக்கும் முறையான லீக்கும் சம்பளமும் இரவு எட்டு மணி இடமும் வேண்டும் என்று கேட்பதை நான் விடவில்லை. அது மேலிருந்து வர வேண்டியது. ஆனால் கீழிருந்து கட்டும் தளம் மேலே உள்ளதன் சின்ன நகலாக இருந்தால், அங்கே இருக்கும் வரிசையும் அப்படியே கூட வரும்.

அந்த இளைஞரிடம் இவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், குறித்துக்கொண்டார். "நேரலை இல்லை என்றால் முதலீட்டாளர் வர மாட்டார்களே" என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் நாம் கட்ட நினைப்பது யாருக்கான தளம் என்பதும் தெளிவாகிவிடுகிறது.

அடுத்த முறை மலைக்குப் போனபோது பள்ளிக்கு வெளியே ஒரு நட்பாட்டம். என் போனைப் பக்கத்து வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவரில் செங்கல் வைத்து நிறுத்திப் பதிவு செய்தேன். பாதிக்குப் பதினைந்து நிமிடம், பன்னிரண்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம். முழுதும் சட்டத்துக்குள் அடங்கியது. முடிந்ததும் யாருக்கு அனுப்பலாம் என்று கேட்டேன். தோழியின் மகள் போனை வாங்கிக்கொண்டாள். "முதல்ல நாங்க பாத்துக்கறோம்க்கா" என்றாள். பதினான்கு பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரு பிடியை நான்கு முறை பின்னால் இழுத்துப் பார்த்தார்கள். "இங்கதான் நான் முந்திட்டேன், காலை அவ இன்னும் வைக்கவே இல்ல" என்றாள் ஒருத்தி. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவள் அன்று ஆடவில்லை. பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பதிவு இன்றும் எங்கும் ஏற்றப்படவில்லை. அவர்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.